சுவர் உச்சியில் ஒரு செயலாளர்

காதலில் இருப்பவனை எந்தக் கமிட்டிக்கும் செயலாளராகப் போடக் கூடாது. அப்படியே போட்டாலும், அவன் எழுதும் தீர்மானங்களை யாராவது ஒருவர் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர் கமிட்டிக்கு நான் செயலாளராக இருந்த வருடம் அப்படி யாரும் படிக்கவில்லை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலூரில், பங்குத்தந்தையின் டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு, இருபத்தைந்து அடி உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் பாறையைக் கட்டிப்பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே என் அம்மா, மைக் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல், சத்தமாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெயர் பிரிட்டோ. திருப்பாதிரிப்புலியூரில் நண்பன் செல்வகுமாரோடு சேர்ந்து ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தேன். நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வேன். ஏணியில் ஏறிக் கட்டுவது அவன். இந்த வேலைப் பிரிவினை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே என் முழங்கால் இரண்டும் தனித்தனியாக நடுங்கும் என்பது செல்வகுமாருக்கு மட்டும் தெரியும்.

ரோஸ்லின் எங்கள் பங்குப் பள்ளி ஹெட்மாஸ்டர் சாருடைய மகள். நானும் அவளும் சிதம்பரத்தில் மூன்று வருடம் படித்தோம். அவள் இயற்பியல், நான் வணிகவியல். தினமும் காலையில் ஒரே பாசஞ்சர் ரயில், எதிரெதிர் ஜன்னல். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை வரைக்கும் ஓயாமல் பேசுவாள். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துத் தண்ணீரைப் பார்ப்பாள். பாலம் முடிகிற வரை ஒரு வார்த்தை வராது. அந்த இடைவெளியில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வருடமும் நினைத்தேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் பாலம் முடிந்து கிள்ளை வந்துவிடும். கிள்ளையில் ஏறுகிற மீன் கூடைகளுக்கு நடுவில் காதலைச் சொல்ல முடியுமா? (முடியும் என்பான் செல்வகுமார். அவன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தே கல்யாணம் செய்துகொண்டவன்.)

படிப்பு முடிந்தது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். நான் பேனர் கடைக்கு வந்தேன். சில வருடம் கழித்து அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய செயற்கைச் சுவரின் நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். ‘மேலே போனால் தலைக்குள்ளே சத்தம் அடங்கிவிடுகிறது’ என்று கீழே எழுதியிருந்தாள். பதிலுக்கு இதயம் அனுப்பலாம் என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கட்டை விரல் அனுப்பினேன்.

அந்த வருடம் மே மாதம் பத்து நாள் லீவில் ரோஸ்லின் ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்தது. அதே வாரம் எங்கள் கமிட்டி கூடியது. விஷயம், பிரீசர் பெட்டி. பங்கில் யாராவது இறந்தால், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைக்க ஒரு குளிர்பெட்டி வேண்டும். அதுவரை எங்கிருந்தோ வாடகைக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியாக வந்த பெட்டியின் தலைமாட்டில், அதற்கு முன்னால் அதில் இருந்தவருடைய பெயர் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. மாலை போட வந்த பாதிப் பேர் வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். ஆகவே சொந்தப் பெட்டி வாங்குவது என்று முடிவானது. நிதி திரட்ட என்ன செய்யலாம் என்று ஃபாதர் கேட்டார். பிரியாணி விற்பனை என்றார்கள், குலுக்கல் சீட்டு என்றார்கள். நான் எழுந்து, “ஏறும் சுவர்” என்றேன்.

“என்னாது?” என்றார் பொருளாளர் அந்தோணிசாமி மாமா.

“வண்டியிலயே வரும் மாமா. நிமுத்தி நிக்க வெச்சா பெரிய செவுரு. டிக்கெட் வாங்கினு ஏறணும். பெங்களூர்ல எல்லாம் இதான் இப்ப.”

“செவுத்துல ஏறுறதுக்கு எவன்டா காசு குடுப்பான்? எங்க வூட்டுச் செவுத்துக்கு வரச் சொல்லு, சும்மாவே ஏறிட்டுப் போவட்டும்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஃபாதர் இளம் வயசுக்காரர், குருமடத்தில் கால்பந்து ஆடியவர், ஆறடி உயரம். அவருக்குப் பிடித்துவிட்டது. நிதிக்காகவும் இளைஞர்களின் உடல்நலத்துக்காகவும் என்று நானே தீர்மானம் எழுதினேன். யாருக்காக என்ற வரி அதில் இல்லை.

விசாரித்ததில் மங்கலம்பேட்டை பஷீர் பாய் அகப்பட்டார். முன்பு போர்வெல் லாரி ஓட்டியவர். பூமிக்குள் இறங்கியது போதும் என்று இப்போது மேலே ஏற்றுகிற தொழிலுக்கு வந்திருந்தார். கடைத் திறப்பு, காலேஜ் விழா என்று சுவரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். திங்கட்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடைத் திறப்பு விழாவுக்கு ஒத்துக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு நிப்பாட்டிட்டு அப்பிடியே போயிடுறேன் தம்பி. போற வழிதானே” என்றார். மங்கலம்பேட்டையிலிருந்து சிதம்பரம் போகிறவருக்குக் கடலூர் எப்படி வழியாகும் என்று நான் கேட்கவில்லை. “ஆறு மணிக்கு டாண்ணு மடக்கிடுவேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஜாஸ்தி கெடையாது” என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

பேனரை நானே டிசைன் செய்தேன். பின்னணியில் பனிமலை, நடுவில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், மேலே கொட்டை எழுத்தில் ‘ஏறுங்கள்! பிரீசர் பெட்டி பெறுவோம்!’ மூன்று இடத்தில் கட்டிய பிறகுதான் மார்க்கெட்டில் ஒரு அம்மா செல்வகுமாரை நிறுத்திக் கேட்டிருக்கிறார்: “ஏம்பா, ஏறுனா நேரா பொட்டிதானா?”

ஞாயிறு திருப்பலி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் வளாகத்தில் சுவர் நின்றுகொண்டிருந்தது. பழுப்பு நிறம், ஆங்காங்கே சிவப்பும் மஞ்சளுமாகப் பிடிகள், உச்சியில் அடிப்பதற்கு ஒரு மணி. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏறலாம். பாய் எல்லாருக்கும் ஒரே பாடம் சொன்னார்: “மேல ஒரு டப்பா இருக்கு, தெரியுதா? கயிறு அதுலேர்ந்து வருது. நீ ஏற ஏற அது இழுத்துக்கும். கைய உட்டுட்டன்னா மெதுவா எறக்கி உட்டுடும். பயப்படவே கூடாது. கைய உடணும், அவ்ளோதான்.”

காலையிலிருந்து பிள்ளைகள் ஏறி ஏறி மணியை அடித்துத் தீர்த்தார்கள். அந்தோணிசாமி மாமாவே டிக்கெட் மேஜையை விட்டு நகரவில்லை. நான் வெள்ளைச் சட்டை, பட்டு பார்டர் வேட்டி, நெஞ்சில் ‘செயலாளர்’ பேட்ஜோடு சுற்றிச் சுற்றி வந்து, யாரும் கேட்காத விவரங்களை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண் வாசலிலேயே இருந்தது.

நாலரை மணிக்கு ரோஸ்லின் வந்தாள். கூடவே ஹெட்மாஸ்டர் சார். மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இது ஒன் ஐடியாவாமே? ஃபாதர் சொன்னாரு. நம்ம ஊர்ல இதப் பாப்பேன்னு நெனக்கவே இல்ல பிரிட்டோ.”

“சும்மா, யூத்துக்கு ஏதாவது செய்யலாம்னுதான்” என்றேன்.

அவள் ஏறியதை எப்படிச் சொல்வது? மற்றவர்கள் எல்லாம் சுவரோடு சண்டை போட்டார்கள். அவள் சுவரிடம் எதையோ கேட்டுக் கேட்டு, அது சொன்ன இடத்தில் காலை வைத்தாள். மணியை ஒரே ஒரு தரம் தட்டினாள். பிறகு இரண்டு கையையும் விட்டுவிட்டு, மெதுவாக, முகத்தில் வெள்ளாற்றுப் பாலத்தில் பார்த்த அதே அமைதியோடு இறங்கினாள். நான் கை தட்ட மறந்துவிட்டேன்.

“நீ ஏறலியா?” என்று கேட்டாள்.

“நானா? இதெல்லாம் தெனம் ஏறுறதுதானே. பேனர் வேல ஆச்சே” என்றேன்.

பக்கத்தில் மைக்கோடு நின்ற செல்வகுமாருக்கு இந்தப் பொய் தாங்கவில்லை. “அன்பார்ந்த பொதுமக்களே! அடுத்ததாக, தினந்தோறும் ஏறிப் பழக்கப்பட்ட நமது செயலாளர் பிரிட்டோ அவர்கள் இப்போது சுவரேறுவார்!”

வேட்டியோடு பெல்ட் மாட்ட முடியாது என்று பாய் கையை விரித்தார். தப்பித்தேன் என்று நினைப்பதற்குள் ஃபாதர் தன் அறைக்கு ஓடிப் போய் டிராக் பேண்ட்டைக் கொண்டுவந்துவிட்டார். அதன் இடுப்பில் என்னைப் போல் ஒன்றரை ஆள் நிற்கலாம். பெல்ட்டை இழுத்துக் கட்டியதால் அது நின்றது.

ஏறியது எப்படி என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவள் பார்க்கிறாள் என்கிற ஒரே எரிபொருளில் மேலே போய்விட்டேன் போலிருக்கிறது. மணியைக்கூட அடித்தேன். அடித்த கையோடு கீழே பார்த்தேன். அதுதான் தப்பு. அந்தோணிசாமி மாமாவின் வழுக்கை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்திலிருந்த பெரிய மஞ்சள் பிடியைக் கட்டிக்கொண்டேன்.

“கைய உடு தம்பி!” என்று பாய் கத்தினார்.

“கைய உடு மச்சான்!” என்று மைக் கத்தியது.

“கைய உடுறா பாவி!” என்று அந்தோணிசாமி மாமா கத்தினார்.

உலகத்தில் மற்ற எதை விடச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். அம்மா வந்து சேர்ந்தார். மகன் மேலே நிற்பதைப் பார்த்ததும் ஜெபமாலையை எடுத்துவிட்டார். ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்பது நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி உள்ளே வந்தார்கள். ஏணி கொண்டுவரலாம் என்றால் அவ்வளவு உயர ஏணி கோயிலில் இல்லை. கடை ஏணியை எடுக்கப் போகலாம் என்றால் சாவி என் வேட்டி மடிப்பில் இருந்தது, வேட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் ஏறுவார் என்று பார்த்தால், முட்டியில் ஆபரேஷன் செய்தவராம். ஏறத் தெரியாதவர்தான் ஏறும் சுவர் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

பத்து நிமிடம் போயிருக்கும். என் வலப்பக்கம் கயிறு அசைந்தது.

“என்னா பிரிட்டோ, இங்கியே வீடு பாத்துட்டியா?”

ரோஸ்லின். அடுத்த கயிற்றில் ஏறி வந்து, ஒரு காலைப் பிடியில் ஊன்றி, பஸ் ஸ்டாப்பில் நிற்பது போலச் சாவகாசமாக நின்றாள்.

“கண்ணத் தொற.”

“தொறந்துதான் இருக்கு.”

“பொய். தொற. கீழ பாக்காத, நேரா பாரு. கடல் தெரியுது.”

திறந்தேன். ஓட்டுக் கூரைகள், மாடிகளில் காயும் துணிகள், தென்னை மட்டைகள், அவற்றுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அது கடலா, யாரோ மாடியில் விரித்த தார்ப்பாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கடல் என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

பேச்சுக் கொடுத்தாள். புதுச்சத்திரத்தில் நான் அவளுக்கு முறுக்கு வாங்கித் தருவதைப் பற்றி. பரீட்சை அன்று ரயில் நின்றுபோய், தண்டவாளத்தில் இறங்கி நடந்ததைப் பற்றி. கொஞ்சம் கொஞ்சமாக என் கால் நடுக்கம் நின்றது. மூச்சு சீரானது. காலுக்கடியில் இருந்த பிடி சாப்பாட்டுத் தட்டு அகலம் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐந்தே நிமிடத்தில் என் பயம் போய்விட்டது. கையை விட்டிருக்கலாம். விடவில்லை. எதிர் ஜன்னல் தூரத்தில் அவள் முகம் இருந்தது. இறங்கினால் அவள் ஹெட்மாஸ்டர் சாரோடு வீட்டுக்குப் போய்விடுவாள்.

“இன்னும் கொஞ்சம் பயமா இருக்கு” என்றேன்.

“சரி, இரு. மெதுவா எறங்கலாம்” என்றாள்.

“ரோஸ்லின் அவர்கள் செயலாளருக்கு அறிவுரை வழங்கி வருகிறார்கள். பொதுமக்கள் அமைதி காக்கவும்” என்றது மைக்.

அவள் அந்தச் சாம்பல் நிறக் கோட்டின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: “நான் ஜெர்மனி போறேன் பிரிட்டோ. வேல கெடச்சிருக்கு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

“எப்ப?”

“அடுத்த மாசம்.”

“எத்தினி வருஷம்?”

“தெரியல.”

அந்த ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. வருடக்கணக்காகத் தயாராக இருந்தது. திருத்தித் திருத்தி, தேவையில்லாத சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில் நாலே சொல்லில் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“அங்க ரொம்ப குளிருமே” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஆமா. குளிரும்.” பிறகு, “வேற ஒண்ணும் இல்லியா?” என்றாள்.

“ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போ.”

(சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரிக்கத்தான் பார்க்கிறேன்.)

கீழே பாயின் பொறுமை தீர்ந்துவிட்டது. “தம்பி! மணி ஆறாவுது! செதம்பரத்துல காலயில ரிப்பன் வெட்றாங்க! நீ எறங்கலன்னா ஒன்னையும் சேத்து மடக்கினு போயிடுவேன், அங்க வந்து எறங்கிக்க!”

“பாவம், அவுங்களுக்கு நேரமாவுது” என்றாள் ரோஸ்லின். “நான் மூணு எண்றேன். ரெண்டு பேரும் சேந்து உடலாம். சரியா?”

ஒன்று, இரண்டு, மூன்று. விட்டோம்.

விழவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்துப் பத்திரமாக இறக்கிவிடுவது போல இருந்தது. அவளும் நானும் பக்கம் பக்கமாக, ஒரே வேகத்தில், பேசாமல் இறங்கினோம். சுவர் எங்களுக்கு முன்னால் மேலே போனது. எட்டு நொடி இருக்கும். மேலே அந்த டப்பாவுக்குள் இருந்த இயந்திரம் இன்னும் கொஞ்சம் மெதுவாக வேலை செய்திருக்கலாம்.

கால் தரையில் பட்டது. கைதட்டல், விசில். அம்மா ஓடி வந்து கன்னத்தில் ஓர் அறை வைத்தார், அதே கையால் கட்டிக்கொண்டார். அவசரத்தில் இருந்த பாய், என்னை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றினார். அதுவரை பெல்ட்டை நம்பியே நின்றிருந்த ஃபாதரின் டிராக் பேண்ட்டும் தன் கடமை முடிந்தது என்று இறங்கிவிட்டது. பங்கு மக்கள் முழுவதும் இருந்தார்கள். சிரித்தபடியே திரும்பிக்கொண்ட முதல் ஆள் ரோஸ்லின்தான். அதற்காக அவளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். நான் தொங்கிக்கொண்டிருந்தபோது ஃபாதர் சமயோசிதமாகக் காணிக்கைப் பையைச் சுற்றவிட்டிருந்தார். அந்தக் கூட்டத்தின் புண்ணியத்தில் பிரீசர் பெட்டி சீக்கிரமே வந்து சேர்ந்தது. ஃபாதர் அதை ஜெபம் சொல்லி மந்திரித்து வைத்தார். ஆனால் பெயர் வைத்தது ஊர். துக்க வீட்டில் யாராவது ஒருவர் வெளியே வந்து, “பிரிட்டோ பொட்டிக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்பார். முதல் இரண்டு வருடம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பிறகு பழகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் சிதம்பரத்தில் பஷீர் பாய் சுவரை நிறுத்தி, ஏறவந்த ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தும்போது, “நேத்து கடலூர்ல ஒருத்தரு கைய உடாம முக்கா மணி நேரம் மேலயே நின்னுட்டாரு. அந்த மாரி பண்ணாதீங்க” என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏறியவர்களில் ஒரு பெண், பெயர் ஜெயராணி. இரண்டு வருடம் கழித்து அவளைப் பெண் பார்க்கப் போனோம். என்ன செய்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று அவள் அப்பா விசாரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா பெருமையாக, பங்கில் பிரீசர் பெட்டி வந்ததே என் மகனால்தான் என்று ஆரம்பித்து, சுவர் வரைக்கும் சொல்லிவிட்டார். காபி கொண்டுவந்த ஜெயராணி தட்டோடு நின்றுவிட்டாள்.

“அது நீங்கதானா?” என்றாள்.

கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள் என்று அம்மா இன்றும் வாதாடுகிறார்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை ஜெயராணிதான் சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள். பாய் மாதிரி கத்துவாள், செல்வகுமார் மாதிரி மைக் பிடிப்பாள், டிராக் பேண்ட் இடத்தில் எழுந்து நின்றுவிடுவாள். பாய் சொன்ன முக்கால் மணி நேரம் அவள் வாயில் ஒரு மணி நேரமானது, பிறகு ஒன்றரை. மகள் பிறந்த பிறகு இரண்டு.

போன வருடம் ஹெட்மாஸ்டர் சார் இறந்துபோனார். ரோஸ்லின் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை அவர் பிரிட்டோ பெட்டியில்தான் இருந்தார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர் வைத்துவிட்டு, நானும் செல்வகுமாரும் மாற்றி மாற்றிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலை அவள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். கண்ணாடி மூடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். அழுகையின் நடுவிலேயே லேசாகச் சிரித்தாள்.

“அப்பாவ எனக்காக வெச்சிருந்தீங்க இல்ல, போதும் பிரிட்டோ” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஜெயராணிதான் அவளைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், முகம் கழுவ வைத்து, காபி கொடுத்தாள். இருவரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும்போது ஜெயராணி பின்னால் உட்கார்ந்திருந்தாள். கெடிலம் பாலம் தாண்டியதும், “நல்ல பொண்ணுங்க அவுங்க” என்றாள்.

“ம்” என்றேன்.

“அவ்ளோ நேரம் எப்பிடிதான் மேல நின்னீங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் இருந்துச்சி.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் என் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இப்போதும் விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதையை அவள்தான் சொல்கிறாள். பாயும் கத்துகிறார், மைக்கும் கத்துகிறது, டிராக் பேண்ட்டும் தவறாமல் இறங்குகிறது. வந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எவ்வளவு நேரம் மேலே இருந்தார் என்று யாராவது கேட்டால், “அது இருக்கும் ஒரு பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், அடுத்த பலகாரத்தை எடுத்து வைக்கிறாள்.